டிபன் பெட்டியோடு நின்ற பாடகர்

கையில் டிபன் பெட்டி. முதுகுக்குப் பின்னால் செங்கல் சுவர். பகல் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்த ஒரு தொழிலாளி, காமிராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

1971-ல் அமெரிக்காவில் வெளியான ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ என்ற இசைத்தட்டின் உறையில் உள்ள படம் இது. வேஷம் போட்டு எடுத்த படம் அல்ல. அந்தத் தொழிலாளியேதான் பாடகர்! பெயர் பில் விதர்ஸ். 2020 மார்ச் 30-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருதயக் கோளாறால் காலமானார். வயது 81.

கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ‘புளூஸ்’ பாட்டும் கலந்து பிறந்தது ‘சோல்’ இசை. அதைப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் தொண்டை கிழியப் பாடுவார்கள். விதர்ஸ் அப்படி அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடுவார்.

திக்கித் திக்கிப் பேசிய பையன்

மேற்கு வர்ஜீனியாவில், ஸ்லாப் போர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், 1938 ஜூலை 4-ந் தேதி பிறந்தார். ஆறு குழந்தைகளில் கடைக்குட்டி. 13 வயதில் தந்தையை இழந்தார். பையனுக்குத் திக்குவாய் வேறு. அவனுக்கு ஆதரவாக இருந்தவர் பாட்டி. பின்னாளில் அந்தப் பாட்டியின் கைகளைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார். இரண்டே நிமிடப் பாட்டு. கேட்பவருக்குத் தன் பாட்டி ஞாபகம் வராமல் போகாது.

17 வயதில் கடற்படையில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டு வேலை. அங்கேதான் திக்குவாயை வென்றார். பாட்டிலும் ஆசை பிறந்தது.

ஓக்லண்டில் ஒரு கிளப்பில் லூ ரால்ஸ் என்ற பாடகர் பாட வேண்டியிருந்தது. அவர் வரத் தாமதமாயிற்று. “இவருக்கு வாரம் 2,000 டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வர மாட்டேன் என்கிறார்” என்று மானேஜர் புலம்பினார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த விதர்ஸுக்கு அப்போது மணிக்கு 3 டாலர் சம்பளம்! நேரே போய் அடகுக் கடையில் மலிவாக ஒரு கிட்டார் வாங்கினார்.

விமானக் கழிப்பறை

லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிவந்து அவர் பார்த்த வேலை, ஜம்போ விமானங்களுக்குக் கழிப்பறை செய்வது. இசைத்தட்டு பதிவாகிக்கொண்டிருந்தபோதும் வேலையை விடவில்லை. பாட்டுத் தொழிலை நம்பி மாதச் சம்பளத்தை விட அவர் மனம் ஒப்பவில்லை. எந்தக் குமாஸ்தா அவரைக் குறை சொல்வார்?

அந்தத் தட்டில் இருந்ததுதான் ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’. குடியால் சீரழியும் தம்பதியைப் பற்றிய ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு எழுதிய பாட்டு. நடுவில் ‘எனக்குத் தெரியும்’ என்ற ஒரே சொல்லை 26 தடவை திருப்பித் திருப்பிப் பாடுவார். அந்த இடத்துக்கு வேறு வரிகள் எழுதத்தான் நினைத்திருந்தார். “அப்படியே இருக்கட்டும்” என்றார்கள் கூட இருந்த அனுபவசாலிகள். ‘நான் தொழிற்சாலை ஆள், இவர்களுக்குத் தெரியாதா?’ என்று விட்டுவிட்டார். பாட்டு ‘கிராமி’ பரிசு பெற்றது. இசைத்தட்டுக் கம்பெனி அவருக்கு அளித்த அன்பளிப்பு என்ன தெரியுமா? தங்க நிறத்தில் ஒரு கழிப்பறை இருக்கை!

மறு ஆண்டு வந்தது ‘லீன் ஆன் மி’. 1972 ஜூலையில் அமெரிக்காவின் முதலிடம் பிடித்தது. கஷ்டம் வந்தால் என் தோளில் சாய்ந்துகொள் என்று நண்பனுக்குச் சொல்லும் பாட்டு. ஸ்லாப் போர்க்கில் அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் அப்படித்தான் இருந்தார்கள். பெரிய நகரத்தில் அதைக் காணோம். அந்த ஏக்கத்தில் பிறந்தது பாட்டு. ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

புகழ் இருந்தபோதே விலகினார். கம்பெனி அதிகாரிகள் ‘இப்படிப் பாடு, அப்படிப் பாடு’ என்று சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. 1985-க்குப் பிறகு புதிய இசைத்தட்டே கிடையாது. மனைவி, மக்களோடு 35 ஆண்டுகள் அமைதியாக வாழ்ந்தார். 2015-ல் ‘ராக் அண்ட் ரோல்’ புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது, வரவேற்றுப் பேசியவர் ஸ்டீவி வொண்டர்.

அவர் கண்மூடியபோது கொரோனா காலம். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள், மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி சொல்ல ‘லீன் ஆன் மி’யைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.