15 வாட் ஆம்ப், 15-வேலம்பாளையம்: மூணு வாரத்துல தெரிஞ்சது

போன எபிசோடோட கடைசில, "ட்யூப் ஆம்ப் ஒண்ணு வாங்கப் போறேன்"னு சும்மா ஒரு வரி சொன்னேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ் எல்லாத்துலயும் ஒரே கேள்வி: "ப்ரோ, டோன் எப்படி?" டோனுக்கு வர்றேன். ஆனா அது மூணாவதாத்தான் வரும். முதல்ல வந்தது ஷாக். ரெண்டாவதா வந்தது பக்கத்து வீட்டு அண்ணன்.

வாங்கினது ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர். 15 வாட், 12 இன்ச் ஸ்பீக்கர் ஒண்ணு, உள்ளே அஞ்சு வால்வு. கோயம்புத்தூர்ல சர்ச்ல வாசிக்கிற ஒருத்தர் வித்தார், புதுசு விலையில பாதிக்குக் கொஞ்சம் மேல. பதினாலு கிலோவை மடில வெச்சுக்கிட்டு பாசஞ்சர் ரயில்ல வந்தேன். எதிர் சீட்டுல இருந்த அம்மா, "ஏங்கண்ணு, தையல் மெஷினா?"ன்னு கேட்டாங்க. திருப்பூர் போற ரயில்ல கனமான பெட்டியோட உட்கார்ந்திருந்தா வேற என்னன்னு நினைப்பாங்க!

வீட்டுக்கு வந்து பிளக்கைச் சொருகி சுவிட்ச் போட்டேன். சிவப்பு லைட் எரிஞ்சது, சத்தம் எதுவும் இல்லை. உள்ளே வால்வு சூடாகணும். சில நொடி கழிச்சு மெதுவா ஒரு "ஹ்ஹ்ம்ம்" வந்தது. ஆசையா கிட்டார் கம்பில கை வெச்சேன். வெறுங்காலோட, இப்பத்தான் துடைச்ச தரையில நின்னுக்கிட்டு. விரல்ல சுர்ருன்னு ஒரு கடி.

இதை "லேசா ஜிவ்வுன்னுச்சு, அவ்வளவுதான்"னு விட்டுடுறவங்க நிறைய பேர் இருக்காங்க. நானும் ரெண்டு நிமிஷம் விட்டேன், உண்மையைச் சொல்லணும்னா. அப்புறம்தான் என்ன நடக்குதுன்னு யோசிச்சேன்.

எலெக்ட்ரிக் கிட்டாரோட கம்பிகள் பிரிட்ஜ் வழியா ஒரு ஒயர்ல சேருது. அந்த ஒயர் கேபிளோட வெளிச்சுத்து வழியா ஆம்போட இரும்புச் சட்டத்துக்குப் போகுது. அந்தச் சட்டம் பிளக்கோட பெரிய பின் வழியா எர்த்துக்குப் போகணும். அப்படின்னா கம்பியைத் தொட்டா நீங்க ஆம்போட உடம்பையே தொடுறீங்க. எர்த் சரியா இருந்தா, உள்ளே ஏதாவது கோளாறாகி சட்டத்துல கரன்ட் ஏறினாலும் அது மண்ணுக்குப் போயிடும், ஃபியூஸ் போகும். எர்த் இல்லைன்னா அந்தக் கரன்ட் போறதுக்கு மிச்சம் இருக்கிற வழி நீங்கதான்.

இது கதையில்லை. 1972 மே 3-ஆம் தேதி, ஸ்டோன் த க்ரோஸ் பேண்டோட கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, வேல்ஸ்ல ஸ்வான்சீ ஊர்ல மேடையிலேயே எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். 1976 மேல யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் வீட்டுல கிட்டார் வாசிக்கும்போது இறந்தார், அங்கேயும் எர்த் கோளாறுதான். ரெண்டு பேருமே தொழில்முறைக் கலைஞர்கள். நாம லைன் வீட்டு சாக்கெட்டை நம்பி வாசிக்கிறவங்க.

மல்டிமீட்டர் எடுத்துப் பார்த்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 226 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுலயும் கிட்டத்தட்ட அதே வரணும். 94 காட்டுச்சு. அது நிஜ வோல்ட்டேஜ் இல்லை, எங்கேயும் போகாத ஒயர்ல மீட்டர் காட்டுற பொய். பழக்கம் இல்லாதவங்க இதை நீங்களே செய்ய வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. நானும் அடுத்த நாள் கூப்பிட்டேன். அவர் போர்டைக் கழட்டிப் பார்த்துட்டு, "எர்த் ஒயர் இருக்குதுங்க, ஆனா அது ஊர் போய்ச் சேரலைங்க"ன்னார். மீட்டர் பெட்டி வரைக்கும் வந்து அங்கேயே மொட்டையா நிக்குது. மூணு பின் சாக்கெட் இருக்கிறதுக்கும் எர்த் இருக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லைங்கறதை இருபத்தெட்டு வயசுல, இன்ஜினியரிங் டிகிரியோட, அன்னிக்குத்தான் முழுசா உணர்ந்தேன்.

வீட்டு ஓனர்கிட்டப் பேசினதை நீட்ட விரும்பலை. பாதிப் பணம் அவர், பாதி நான். வாசல் ஓரத்துல குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினாங்க. கூடவே 30 மில்லிஆம்ப் கசிஞ்சாலே கரன்ட்டை வெட்டுற ஆர்சிசிபி ஒண்ணும் போட்டாச்சு. கடி நின்னுடுச்சு. அந்த லைன்ல இருக்கிற அஞ்சு வீட்டுக்கும் இப்ப எர்த் இருக்கு. அஞ்சு வீட்லயும் கிரைண்டர், ஃப்ரிட்ஜ், ரெண்டு வீட்ல தண்ணி ஹீட்டர். இத்தனை வருஷமா அதெல்லாம் எப்படி ஓடுச்சுன்னு யோசிக்காம இருக்கிறதே நல்லது.

சரி, உள்ளே இருக்கிற அந்தக் கண்ணாடிக் குழாய் என்ன பண்ணுது? நம்ம ஊர் ஆளுங்களுக்கு இதைச் சொல்றது சுலபம். டையிங் யூனிட்ல பாய்லர் பார்த்திருப்பீங்க. ஸ்டீம் லைன்ல ஒரு வால்வு இருக்கும். ஒரு கையால சின்னதா திருகினா, பெரிய பைப்புல போற ஸ்டீம் கூடும், குறையும். பிரிட்டிஷ்காரங்க இதுக்கு "வால்வு"ன்னு பேர் வெச்சதும் அதே அர்த்தத்துலதான். குழாய்க்குள்ள காத்து கிடையாது. நடுவுல ஒரு உலோகத்தைச் சூடாக்கினா அதுலேர்ந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, வெளிப்பக்கம் இருக்கிற பிளேட்டை நோக்கிப் பறக்கும். ரெண்டுக்கும் நடுவுல கிரிட்னு ஒரு மெல்லிய கம்பிச் சுருள். கிட்டார்ல இருந்து வர்ற துக்கடா சிக்னல் அந்த கிரிட்டுக்குப் போய், பெரிய ஓட்டத்தைத் திருகுது. 1904-ல ஃப்ளெமிங் ரெண்டு முனை வால்வு செஞ்சார். 1906-ல லீ டி ஃபாரஸ்ட் மூணாவது முனையைச் சேர்த்தார். ஆம்ப்ளிஃபயர்ங்கற விஷயமே அந்த மூணாவது முனைலேர்ந்து வந்ததுதான்.

எங்க தாத்தா தலைமுறைக்கு இதெல்லாம் அதிசயமே இல்லை. வால்வு ரேடியோ சூடாகி, பச்சை லைட் வந்து, அப்புறம் செய்தி கேட்டவங்க. நம்ம பக்கத்துக்கும் இதுல பங்கு உண்டு. 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல பஸ் விட்ட ஜி.டி. நாயுடு, 1941-ல அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவுலயே செய்ய முடியும்னு சொன்னவர். அஞ்சு வால்வு! என் ஆம்ப்லயும் அதே கணக்குதான்: முன்னாடி மூணு 12ஏஎக்ஸ்7, பின்னாடி ரெண்டு இஎல்84. பெங்களூர்ல 1954-ல தொடங்கின பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஒரு காலத்துல வால்வு செஞ்சது. 1947-ல பெல் லேப்ஸ்ல டிரான்சிஸ்டர் வந்த பிறகு ரேடியோ, டிவி எல்லாம் மெல்ல அந்தப் பக்கம் போயிடுச்சு. பிடிவாதமா இங்கேயே நின்னவங்கள்ல கிட்டார் வாசிக்கிறவங்க முக்கியமானவங்க.

நின்னதுக்குக் காரணம், வால்வு தன் எல்லையை மீறும்போது நடந்துக்கற விதம். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லை வரைக்கும் சுத்தமா கொடுக்கும், எல்லை தாண்டினதும் அலையோட தலையை கத்தரியால வெட்டின மாதிரி நறுக்கிடும். கோடு எழுதறவங்களுக்குச் சொன்னா, மதிப்பு நூறைத் தாண்டினா நூறுன்னே வெச்சுக்கோன்னு ஒரு இஃப் கண்டிஷன். வால்வு சர்க்யூட் எல்லைக்கு முன்னாடியே தயங்க ஆரம்பிக்கும், அலையோட முனை மழுங்கும். இதுல மந்திரம் எதுவும் இல்லை. டிரான்சிஸ்டர்லயும் அப்படி டிசைன் பண்ணலாம், சாஃப்ட்வேர்லயும் பண்ணலாம், பண்ணியும் இருக்காங்க.

(இந்த இடத்துல எபிசோட்ல ரெண்டு கிளிப் வருது. ஒண்ணு லேப்டாப் பிளக்இன், ஒண்ணு இந்த ஆம்ப். எது எதுன்னு சொல்லலை.)

என் ஃப்ரெண்டு ரெண்டையும் கேட்டுட்டு தப்பா சொன்னான். மூணு தடவை கேட்டான், மூணு தடவையும் தப்பு. ரெக்கார்டிங் மட்டும்தான் உங்க தேவைன்னா, பணத்தை மிச்சம் பிடிங்க.

வித்தியாசம் கையில தெரியுது. பிளக்இன்ல 128 சாம்பிள் பஃபர் வெச்சா 48 கிலோஹெர்ட்ஸ்ல 2.7 மில்லிசெகண்ட். போகவர மத்ததும் சேர்ந்து இன்னும் கூடும். பெரிய தாமதம் இல்லை, ஆனா ஹெட்போன்ல கேட்கிறோம். இங்கே 12 இன்ச் ஸ்பீக்கர் முழங்காலுக்குப் பக்கத்துல காத்தைத் தள்ளுது. மெதுவா மீட்டினா சுத்தமா வருது, கொஞ்சம் அழுத்தினா கரகரன்னு ஆகுது. கிட்டார்ல வால்யூமை பத்துலேர்ந்து ஆறுக்குக் குறைச்சா திரும்பவும் தெளிவாகுது. காலால எந்த பெடலையும் மிதிக்காம விரலாலயே அந்த எல்லையில போய்ட்டு வரலாம். இதுல எவ்வளவு வால்வு, எவ்வளவு ஸ்பீக்கர்னு கேட்டா, பாதிக்கு மேல ஸ்பீக்கர்தான்னு என் சந்தேகம். "வால்வோட வெதுவெதுப்பு"ன்னு எழுதறவங்க பலர் அந்த 12 இன்ச் அட்டையைத்தான் பாராட்டிக்கிட்டு இருக்காங்க.

எதிர்பார்க்காத இன்னொண்ணு, நேரத்துக்கு ஏத்த மாதிரி ஆம்ப் மாறுது. முதல்ல என் காதுதான்னு நினைச்சேன். ஒரு வாரம் சாக்கெட்டை அளந்து குறிச்சு வெச்சேன். எங்க தெருவுல சுத்தியும் பவர் டேபிளும் நிட்டிங்கும். வேலை நாள் மத்தியானம் 215 பக்கம். ஞாயித்துக்கிழமை ராத்திரி, எல்லா மெஷினும் நின்ன பிறகு 246. ஆம்ப்ல இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் அதே விகிதத்துலதான் எல்லாத்தையும் தூக்கும். 230-க்கு 6.3 வோல்ட் வர வேண்டிய ஹீட்டருக்கு 246-ல 6.7 போகும். பிளேட்டுக்குப் போற 300 சொச்சம் வோல்ட்டும் அதே அளவு ஏறும். சத்தம் கொஞ்சம் விறைப்பாகும், வால்வோட ஆயுசும் குறையும். இப்ப ஒரு ஸ்டெபிலைசர் நடுவுல இருக்கு. மின்சாரத்தை ஒலியா கேட்கிற கருவி இதுன்னு சொன்னா மிகையில்லை. பக்கத்துல மெஷின் ஓடும்போது என் சிங்கிள் காயில் பிக்கப்ல வர்ற இரைச்சலை வெச்சே, எந்த கம்பெனிக்கு ஆர்டர் இருக்குன்னு சொல்லிடுவேன் போல.

இன்னொரு எச்சரிக்கை: அந்த 300 வோல்ட், சுவிட்சை அணைச்ச பிறகும் கெபாசிட்டர்ல தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டோமேன்னு பின்மூடியைக் கழட்டி உள்ளே கையை விடாதீங்க.

இப்ப அந்த அண்ணன் கதை.

எர்த் போட்ட அடுத்த சனிக்கிழமை, காலைல பதினொரு மணி. மாஸ்டர் நாலுல வெச்சேன். பத்து நிமிஷம் சொர்க்கம். அப்புறம் கதவு தட்டற சத்தம். பக்கத்து வீட்டு அண்ணன், நிட்டிங்ல நைட் ஷிப்ட். கண்ணு ரெண்டும் செவந்திருக்கு. கோபமே இல்லை, அதுதான் கஷ்டமா போச்சு.

"தம்பி, ராத்திரி பூரா மெஷின் சத்தத்துலயே நிக்கிறனுங்க. பகல்ல ஒரு அஞ்சு மணி நேரம் தூங்கினாத்தான் மறுக்கா நிக்க முடியும்."

"தெரியாம பண்ணிட்டேங்கண்ணா, மன்னிச்சுக்கங்க"ன்னேன். தெரியாமன்னு சொன்னது பாதிப் பொய். அவர் நைட் ஷிப்ட்னு தெரியும். 15 வாட்தானே, சின்ன ஆம்ப்தானேன்னு நினைச்சேன்.

இங்கதான் என் கணக்கு தப்பு. வாட் வேற, சத்தம் வேற. பத்து மடங்கு வாட் ஏத்தினா நம்ம காதுக்கு ரெண்டு மடங்குதான் கூடும். அதையே திருப்பிப் பார்த்தா, 15 வாட்டை 1.5 ஆக்கினாலும் சத்தம் பாதியாத்தான் குறையும். போதாததுக்கு, கிட்டார் ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்துல 100 டெசிபல் பக்கம் கொடுக்கும். வீட்டுல பாட்டு கேட்கிற சின்ன ஸ்பீக்கர் 85, 88 கொடுக்கும். அதனால என் 15 வாட், அந்த மாதிரி ஸ்பீக்கர்ல 150 வாட்டுக்கு மேல ஏத்தின சத்தத்துக்குச் சமம். அதை நாலரை இன்ச் செங்கல் சுவத்துக்கு இந்தப் பக்கம் வெச்சிருக்கேன்.

மாஸ்டரைக் குறைச்சு வால்யூமை ஏத்தினா போச்சேன்னு சொல்லுவீங்க. செய்யலாம். அப்ப முன்னாடி இருக்கிற சின்ன வால்வு மட்டும் கரகரக்கும், சத்தம் தகர டப்பாவுல மாட்டின வண்டு மாதிரி இருக்கும். பின்னாடி ரெண்டு இஎல்84-ம் ஸ்பீக்கரும் வேலை செய்யணும்னா சத்தமா வாசிச்சே ஆகணும். நான் கேட்க ஆசைப்பட்ட டோனும், அண்ணனோட தூக்கமும் ஒரே நாப்லதான் இருக்கு.

அதனால லைன் வீட்ல இருக்கிறவங்க யாராவது என்கிட்ட கேட்டா, 15 வாட் வேண்டாம்பேன். ஒரு வாட்டுக்குக் குறைக்கிற வசதி உள்ள அஞ்சு வாட் போதும், அதுவும் சத்தம்தான். நான் வாங்கிட்டேன், விக்க மனசு வரலை.

அண்ணன்கிட்ட உட்கார்ந்து பேசினேன். அவர் ஏழரைக்கு ஷிப்ட்டுக்குக் கிளம்புறார். அவர் பொண்ணு பத்தாவது, எட்டேகாலுக்குப் படிக்க உட்காரும். நடுவுல நாப்பத்தஞ்சு நிமிஷம் எனக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், ஏன்னா அன்னிக்கு எல்லாரும் கடைவீதிக்குப் போயிடுவாங்க. மூணு வாரத்துல மாஸ்டரை மூணுக்கு மேல வெச்சு வாசிச்சது மொத்தமே ஆறு மணி நேரம் இருக்கும். அதனால இதை ரிவ்யூன்னு சொல்லாதீங்க.

போன ஞாயிறு அந்தப் பொண்ணு வந்து கதவோரம் நின்னு கேட்டுச்சு. "அண்ணா, உள்ளே பல்பு எதுக்கு?" பின்பக்க இடைவெளி வழியா காட்டினேன், ஆரஞ்சு நிறத்துல அஞ்சும் எரிஞ்சுக்கிட்டு இருந்தது. "எங்க அப்பா மெஷின்லயும் இந்த மாதிரி லைட் எரியும். நூல் அறுந்தா"ன்னுச்சு.

(கடைசில வர்ற கிளிப் அன்னிக்கு ரெக்கார்ட் பண்ணது. மாஸ்டர் அஞ்சு, வோல்ட்டேஜ் 231. ரெண்டாவது நிமிஷத்துல கேட்கிற ஹாரன் கம்பெனி வேனோடது, எடிட் பண்ணி எடுக்கலை.)