குளிரால் சுருங்கும் எரிவாயு: கச்சிதமான வெப்ப மாற்றிகள்

தெற்கு அந்தமானில், முன்னர் போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீவிஜயபுரத்திற்கு எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட் அமைந்துள்ளது. இங்கு 20 மெகாவாட் டீசல் மின் நிலையம் ஒன்று 2003-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. தீவுகளுக்கு வேண்டிய டீசல் கப்பலிலேயே வர வேண்டும். ஆதலின், 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட செய்தி கவனத்திற்குரியது. கிழக்குக் கரையிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் தொலைவில், 295 மீட்டர் ஆழக் கடலில், ஆயில் இந்தியா நிறுவனம் தோண்டிய கிணற்றில் இயற்கை வாயு தென்பட்டது. அதன் மாதிரியில் 87 சதவீதம் மீத்தேன் இருந்தது. போதிய அளவு வாயு உண்டா என்பதை மேலும் பல சோதனைகளே முடிவு செய்யும்.

இயற்கை வாயுவைக் குழாய் வழியாகக் கொணரலாம். அன்றேல் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றலாம். சுமார் மைனஸ் 162 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்வித்தால், அது ஏறக்குறைய அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகிறது. அதன் உஷ்ணத்தைக் கவர்ந்து குளிர்பொருளுக்கு அளிக்கும் சாதனமே வெப்ப மாற்றி.

தம்ளரிலுள்ள சூடான காப்பியை டவராவில் ஊற்றினால் விரைவில் ஆறுகிறது. பரப்பு மிகுவதே காரணம். இதே தத்துவத்தைத் தகட்டுத் துடுப்பு வெப்ப மாற்றியில் காணலாம். தட்டையான அலுமினியத் தகடுகளுக்கிடையே நெளிவான மெல்லிய தகடுகளை அடுக்கி, வெற்றிட உலையில் ஒட்டவைத்து ஒரே பாளமாக்குகின்றனர். அடுத்தடுத்த அடுக்குகளில் வாயுவும் குளிர்பொருளும் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. ஒரு கன மீட்டர் கொள்ளளவில் 700 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பு இருப்பின், அதனைக் கச்சிதமான வெப்ப மாற்றி என்பர். சாதாரண எஃகு கடுங்குளிரில் நொறுங்கும் தன்மையடைகிறது. அலுமினியமோ உறுதி குன்றுவதில்லை. இடம் குறைந்த தீவுகளுக்கும் மிதக்கும் மேடைகளுக்கும் இச்சாதனம் மிகவும் ஏற்றது.

எனினும் இதற்குக் குறைபாடுகளும் உண்டு. வழிகள் மிகக் குறுகியவை. ஆகையால் நீராவியும் கரியமில வாயுவும் உறைந்து அவற்றை அடைத்துவிடும். இவற்றை முன்னரே அகற்றுதல் அவசியம். பாதரசம் இன்னும் கொடிய பகை. பூமியினின்று வரும் வாயுவில் அது நுண்ணிய அளவில் கலந்திருக்கக்கூடும். அல்ஜீரியாவிலுள்ள ஸ்கிக்டா திரவமாக்கும் ஆலையில் 1973-ஆம் ஆண்டில் அலுமினிய வெப்ப மாற்றிகள் பாதரசத்தால் அரிக்கப்பட்டுப் பழுதுற்றன. அதன்பின், கந்தகம் ஏற்றிய கரி போன்ற பொருள்களின் வழியே வாயுவைச் செலுத்திப் பாதரசத்தை நீக்குதல் வழக்கமாயிற்று.

விமானங்களில் பாதரச வெப்பமானிகளைக் கொண்டு செல்லக் கட்டுப்பாடு இருப்பதும் இதே காரணத்தாலேயே. பள்ளி ஆய்வுக்கூடத்தில் பாதரசத்தை அலுமினியப் பாத்திரத்தில் வைத்தலாகாது என்று ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துரைக்கலாம். அந்தமான் வாயு எதிர்காலத்தில் திரவமாக்கப்படுமாயின், அதில் மீத்தேன் எவ்வளவு என்பதோடு பாதரசம் எவ்வளவு என்பதையும் முதற்கண் அளந்தறிதல் வேண்டும்.