நாய்க்கு ஒரு ஜாதகம்

வம்சாவளிச் சான்றிதழ் இருந்தால் 'அசல் ஜாதி நாய்' என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறோம். அந்தக் காகிதம் உண்மையில் சொல்வது என்ன?

தில்லியோ பெங்களூரோ, நாய்க்குட்டி வாங்கப் போகும் குடும்பம் முதலில் கேட்பது விலையை. அடுத்த கேள்வி, "பேப்பர் உண்டா?" பேப்பர் உள்ள குட்டிக்கு ஒரு விலை, இல்லாததற்கு ஒரு விலை. "பேப்பர் பின்னால் தபாலில் வரும்" என்பது மூன்றாவது ரகம். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்க்கிறார்கள்?

சில மாதங்கள் கழித்து லாப்ரடார் குட்டியின் பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. பரம்பரையாக வரும் இடுப்பு மூட்டுக் கோளாறு என்கிறார் கால்நடை மருத்துவர். "பேப்பர் இருந்ததே டாக்டர்!" என்று வீட்டுக்காரர் பதறுகிறார். குழப்பம் இங்கேதான். நிலத்தின் பட்டா அது யாருடைய நிலம் என்று சொல்லும். கிணற்றில் தண்ணீர் ஊறுமா என்று சொல்லாது. நாயின் பேப்பரும் அப்படித்தான்.

பதிவேடு பிறந்த கதை

பரம்பரையைப் பதிந்துவைக்கும் பழக்கம் குதிரையிலிருந்து நாய்க்கு வந்தது. இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளின் பரம்பரைப் பதிவேடு 1791இலேயே தொடங்கிவிட்டது. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது. கண்காட்சிகள் பெருகியபோது, எந்த நாய் யாருடையது, அதன் தாய் தகப்பன் எது என்ற தகராறும் பெருகியது. ஒரே பெயரில் பல நாய்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1873இல் லண்டனில் கென்னல் கிளப் உருவானது. மறு ஆண்டே முதல் பதிவேட்டை அச்சிட்டது. அமெரிக்கக் கென்னல் கிளப் 1884இல் வந்தது. 1911இல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அமைத்த சர்வதேசக் கூட்டமைப்பு இப்போது பெல்ஜியத்தின் துயான் நகரிலிருந்து இயங்குகிறது.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்யும் முக்கிய அமைப்பு கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. 1896ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் இதன் தலைமையகம் சென்னை. இது அரசுத் துறை அல்ல. இந்தியன் நேஷனல் கென்னல் கிளப் என்று இன்னொரு அமைப்பும் பதிவு செய்கிறது. ஆகவே "பேப்பர் உண்டு" என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்வி, "யாருடைய பேப்பர்?" என்பதாக இருக்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் கர்நாடகத்தின் முதோல் நாய். வேட்டைக்குப் பேர்போன இந்த ஒல்லி நாயை அழியாமல் காத்தவர் முதோல் அரசர் மாலோஜிராவ் கோர்படே. ஒரு கிளப்பின் ஏட்டில் இதன் பெயர் 'கேரவான் ஹவுண்ட்', மற்றதில் 'முதோல் ஹவுண்ட்'. நாய் ஒன்றே, பெயர்தான் இரண்டு. 2016இல் இந்திய ராணுவம் மீரட்டில் பயிற்சி தர இந்த இனக் குட்டிகளைத் தேர்ந்தெடுத்தபோது பார்த்தது அவற்றின் வேகத்தையும் உடல்வாகையும்தான்.

பேப்பரில் என்ன இருக்கிறது?

ஒரு பெட்டை ஈன்றதும், வளர்ப்பவர் அந்த ஈற்றுக் குட்டிகள் அனைத்தையும் சேர்த்துப் பதிவுக்கு விண்ணப்பிக்கிறார். தாய், தகப்பன் இரண்டின் பதிவு எண்களும் வேண்டும். கடுவனின் உரிமையாளர் இணைசேர்க்கைக்குச் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். குட்டியின் தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு மைக்ரோசிப் செலுத்தப்படுகிறது. அதிலுள்ள 15 இலக்க எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அந்தப் பேப்பர் அந்த நாய்க்கு உரியது.

சான்றிதழில் நாயின் பெயர், இனம், நிறம், பிறந்த தேதி, வளர்ப்பவர், உரிமையாளர். பிறகு முன்னோர் அட்டவணை. மூன்று தலைமுறை என்றால் 14 பெயர்கள், நான்கு என்றால் 30. பார்ப்பதற்குக் கிளை விரிந்த மரம் போல இருக்கும். 'பெடிகிரி' என்ற சொல்லே 'கொக்கின் கால்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. வம்சாவளி வரைபடத்தின் கோடுகள் கொக்கின் பாதம் போலத் தெரிந்தனவாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கிளப் பிரசவம் பார்க்க வருவதில்லை. வளர்ப்பவர் எழுதிக் கொடுப்பதை நம்பித்தான் பதிகிறது. மரபணுச் சோதனை நடந்தாலொழிய, பேப்பரின் நாணயம் எழுதிக் கொடுத்தவரின் நாணயம்தான். பதிவு என்பது தரத்துக்கோ ஆரோக்கியத்துக்கோ உத்தரவாதம் அல்ல என்று அமெரிக்கக் கென்னல் கிளப்பே வெளிப்படையாகச் சொல்கிறது.

அதற்காகப் பேப்பர் வீண் என்று தூக்கிப் போட வேண்டாம். படிக்கத் தெரிந்தவருக்கு அது நிறையச் சொல்லும். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே பெயர் வருகிறதா? அப்படியானால் நெருங்கிய உறவுக்குள் இணை சேர்த்திருக்கிறார்கள். அண்ணன் தங்கை இணைந்து பிறக்கும் குட்டியின் உட்கலப்பு அளவு குறைந்தது 25 சதவீதம். இது கூடக் கூட, மறைந்து கிடக்கும் நோய்கள் தலைதூக்கும் வாய்ப்பும் கூடும். "சாம்பியன் வம்சம்" என்று பெருமையாகக் காட்டப்படும் பேப்பரில் ஒரே சாம்பியன் மூன்று இடத்தில் இருந்தால், அது பெருமை அல்ல, எச்சரிக்கை.

மூடிய ஏடு, திறந்த ஏடு

தாய் தகப்பன் இரண்டும் பதிவானால்தான் குட்டியைப் பதிவோம் என்பது மூடிய ஏடு. இனத்தின் தூய்மை காக்கப்படும். கூடவே அதன் குறையும் காக்கப்படும். டால்மேஷியன் கதை இதற்குச் சாட்சி. இந்தப் புள்ளி நாய்கள் பரம்பரை பரம்பரையாக யூரிக் அமிலக் கோளாறுடனேயே பிறந்தன. சிறுநீர்க் கல் அவற்றுக்குப் பெரும் வேதனை. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க விஞ்ஞானி டால்மேஷியனைப் பாயின்டர் நாயுடன் ஒரே ஒரு முறை கலந்தார். அதன் பிறகு தலைமுறைதோறும் டால்மேஷியனுடனேயே சேர்த்து வந்தார். நோய் போனது, புள்ளிகள் நின்றன. ஆனால் 'கலப்பு ரத்தம்' என்ற எதிர்ப்பு ஓயவில்லை. அமெரிக்கக் கென்னல் கிளப் இந்த வழி நாய்களை முழுமையாக ஏற்றுக்கொண்டது 2011இல்.

2008இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் கண்காட்சி நாய்களின் பரம்பரை நோய்களை அம்பலப்படுத்தியது. மறு ஆண்டு, பெற்ற நாயும் குட்டியும், உடன்பிறந்தவையும் இணைந்து ஈன்றவற்றைப் பதிவதை லண்டன் கிளப் நிறுத்தியது.

நம் நாட்டு இனங்களுக்குப் பிரச்னை வேறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் நாய்களின் பரம்பரை காகிதத்தில் இல்லை, வளர்த்தவர்களின் நினைவில் இருந்தது. 2005இல் தபால்தலையில் இடம்பெற்ற நான்கு இந்திய நாய்களில் ராஜபாளையமும் முதோலும் உண்டு. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனமும் இந்த மூன்று இனங்களைப் பதிவு செய்திருக்கிறது. இது இனத்துக்கான அங்கீகாரம், உங்கள் வீட்டு நாய்க்கான சான்றிதழ் அல்ல. இத்தகைய இனங்களுக்கு ஏடு கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். முன்னோர் தெரியாத நாயையும் நேரில் பார்த்து, இன இலக்கணம் பொருந்தினால் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்னோர் கட்டங்கள் வெறுமையாக இருப்பதாலேயே அது போலிப் பேப்பர் ஆகிவிடாது.

தோற்றத்தை மட்டும் துரத்தினாலும் ஆபத்துதான். ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்கிறோம். நிறமி உயிரணுக்கள் காதின் உட்பகுதிக்கும் தேவை. அவை இல்லாமல் போனால் செவிட்டுக் குட்டிகள் பிறக்கும். பேப்பரில் 'நிறம்: வெள்ளை' என்று இருக்கும். காது கேட்குமா என்று இருக்காது.

வாங்கும் முன்

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி நாய் இனவிருத்தி செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டையை 18 மாதத்துக்கு முன் இணைசேர்க்கக் கூடாது. கென்னல் கிளப் பதிவு வேறு, இந்தப் பதிவு வேறு. இரண்டையும் கேளுங்கள்.

* தாயை நேரில் பாருங்கள். காட்ட மறுத்தால் திரும்பிவிடுங்கள்.
* மைக்ரோசிப்பைக் கருவியால் படித்துக் காட்டச் சொல்லி எண்ணை ஒப்பிடுங்கள்.
* பெற்ற நாய்களின் இடுப்பு எக்ஸ்ரே, கண் பரிசோதனை அறிக்கைகளைக் கேளுங்கள். ஆரோக்கியத்துக்கான பேப்பர் இவைதான்.
* உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

கண்காட்சிக்கோ இனவிருத்திக்கோ அல்ல, வீட்டுக்கு ஒரு துணை வேண்டும் என்றால் பேப்பரே தேவையில்லை. தெருமுனையில் வாலாட்டி நிற்கும் குட்டிக்கு முன்னோர் பட்டியல் கிடையாது. தடுப்பூசிச் சீட்டு ஒன்று போதும். எல்லா நாய்க்கும் கட்டாயம் இருக்க வேண்டிய பேப்பர் அதுதான்.