குழந்தைக்கு உணவும் விளையாட்டும்

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், உடல் வளர்ச்சியோடு உள, சமூக வளர்ச்சிக்கும் அடித்தளமிடுவதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இயங்குகின்றன. ஆயினும் நடைமுறையில் முதலிடம் பெற்றது உணவே. வழங்கிய உணவுக்குக் கணக்கு எழுதுவது எளிது; தாய் குழந்தையோடு விளையாடிய பொழுதுக்குக் கணக்கு எழுதுவது அவ்வளவு எளிதன்று.

இவ்வகையில் ஜமைக்கா நாட்டில் நடைபெற்ற ஆய்வு ஒன்று கருதத்தக்கது. 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் நான்கு பிரிவுகளாக்கப்பட்டனர். அவர்கள் 9 முதல் 24 மாத வயதினர். ஒரு பிரிவினருக்குச் சத்துணவு, மற்றொன்றுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளரின் வருகை, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு இரண்டுமில்லை. ஈராண்டுகள் வீடு தேடிச் சென்ற பணியாளர்கள், கழிபொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு, குழந்தையோடு பேசவும் விளையாடவும் பாராட்டவும் தாய்க்குப் பழக்கினர். பணியாளர் போய்விடுவார், தாய் வீட்டிலேயே இருப்பார் என்பதே இம்முறையின் உட்பொருள்.

தொடக்கத்தில் உணவும் விளையாட்டும் இரண்டுமே பயனளித்தன. பதினேழு, பதினெட்டு வயதில் உணவின் பயன் தென்படவில்லை. விளையாட்டுப் பயிற்சி பெற்றோரிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன; தன்மதிப்பு கூடியிருந்தது. 22 வயதில் வன்செயல் நாட்டமும் குறைவே. அவர்களது வருமானம் 25 சதவீதம் மிகுந்திருந்ததாக 2014இல் வெளியான கணக்கீடு கூறுகிறது. 129 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். பசித்த குழந்தைக்கு உணவு வேண்டா என்பதும் இதன் பொருளன்று.

இந்தியாவில் இடர்ப்பாடு வேறு. மூன்று வயதுக்குட்பட்டோர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவையே பெறுவதால், நாள்தோறும் அங்கன்வாடிக்கு வருவதில்லை. ஒரு பணியாளரின் பொறுப்பில் அத்தகைய குழந்தைகள் இருபதின்மர் எனக் கொண்டால், வாரம் ஒரு மணி வீதம் இருபது மணி நேரம் வேண்டும். முன்பருவக் கல்வி, எடை பார்த்தல், பதிவேடுகள் ஆகியவற்றிடையே அது இயலாது. ஒடிசாவில் நடந்த சோதனை இதற்கு ஒரு வழி காட்டியது. அதன் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. தாய்மாரைக் குழுவாகக் கூட்டி நடத்திய அமர்வுகள், வீட்டு வருகைக்கு ஒப்பான பயனை மிகக் குறைந்த செலவில் தந்தன. 2024இல் மத்திய அரசு, பிறப்பு முதல் மூன்று வயது வரையிலானோர்க்கென 'நவசேதனா' என்னும் செயல்வரைவை வெளியிட்டுள்ளது. அதனை நடத்தும் நேரம் பணியாளருக்கு எங்கிருந்து கிடைக்கும் என்பதை மாநிலங்கள் வரவு செலவுத் திட்டத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.