எலுமிச்சைச் சாற்றளவு

எலுமிச்சைச் சாற்றளவு என்பது ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழியும்போது கிடைக்கும் சாற்றின் அளவைக் குறிக்கும். சமையற் குறிப்புகள் பலவற்றில் "ஒரு பழத்தின் சாறு" என்று மட்டுமே கூறப்படுவதால், அதனை மில்லிலீட்டராகவோ மேசைக்கரண்டியாகவோ மாற்றி அறிய வேண்டியுள்ளது. சமையலில் ஒரு மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லிலீட்டராகக் கொள்ளப்படுகின்றது.

பெயர்க் குழப்பம்

தமிழ்நாட்டில் எலுமிச்சை என்றும் இலங்கையில் தேசிக்காய் என்றும் வழங்கப்படுவது உருண்டையான, மெல்லிய தோலுடைய சிறிய பழமாகும். இது ஆங்கிலத்தில் லைம் எனப்படும் வகையைச் சேர்ந்தது. மேலைநாட்டுச் சமையல் நூல்களில் வரும் லெமன் வேறோர் இனமாகும்; அது பெரியது, நீள்வட்ட வடிவமும் தடித்த மஞ்சள் தோலும் கொண்டது. இரண்டையும் எலுமிச்சை என்றே மொழிபெயர்ப்பதால், அளவில் பெரும் வேறுபாடு ஏற்படுகின்றது. ஒரு பழத்தில் கிடைக்கும் சாற்றின் தோராயமான அளவு வருமாறு:

* சிறிய எலுமிச்சை: 1 முதல் 1½ மேசைக்கரண்டி
* லெமன்: 2 முதல் 3 மேசைக்கரண்டி

அளவிடும் முறை

முழுப்பழத்தை முதலில் நிறுக்க வேண்டும். பின்னர் குறுக்காக வெட்டிப் பிழிந்து, விதையையும் சக்கையையும் வடிகட்டிச் சாற்றை நிறுக்க வேண்டும். சாற்றின் நிறையைப் பழத்தின் நிறையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் சாற்று விழுக்காடு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 40 கிராம் பழத்தில் 18 கிராம் சாறு கிடைத்தால் அது 45% ஆகும். விதையற்ற பெரிய லைம் பழங்களுக்குக் கோடெக்சு பன்னாட்டு உணவுத் தரம் குறைந்தது 42% சாற்றை வரையறுத்துள்ளது.

வேறுபாட்டிற்கான காரணங்கள்

சாறு, சுளைகளினுள் உள்ள நுண்ணிய பைகளில் அடங்கியுள்ளது. முதிராத பழத்திலும் தோல் தடித்த பழத்திலும் சாறு குறைவு. பறித்துப் பல நாள் ஆன பழம் தோல் வழியே நீரை இழந்து வற்றிவிடும். குளிரூட்டிய பழத்தை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, உள்ளங்கையால் அழுத்தி உருட்டிய பின் பிழிந்தால் கூடுதலான சாறு எளிதில் வெளிவரும்.

அளவின் முக்கியத்துவம்

சாதத்திலோ பானத்திலோ சாறு கூடினாலும் குறைந்தாலும் சுவை மட்டுமே மாறும். உணவைப் புட்டியில் அடைத்துப் பாதுகாக்கும்போது நிலைமை வேறு. காரகாடித்தன்மைச் சுட்டெண் 4.6க்கு மேற்பட்டால், காற்றுப்புகாத புட்டியினுள் கிளாசுட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியா வளர்ந்து கொடிய நச்சை உண்டாக்கக்கூடும். ஆகவே, வீட்டில் தக்காளியைப் புட்டியில் அடைப்போர், ஏறத்தாழ ஒரு லீட்டர் புட்டிக்கு 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும் என ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவுறுத்துகின்றது. புதிய பழத்தின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறுபடுவதால், அமில அளவு சீராக்கப்பட்டுக் கடைகளில் விற்கப்படும் சாற்றையே இதற்குப் பயன்படுத்த வேண்டும். சாற்றின் கன அளவு சரியாக இருந்தாலும், அதிலுள்ள அமிலத்தின் அளவு சரியாக இருக்கும் என்று கொள்ள இயலாது.