மார்புக்குள் சிலிகான் பை: உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாது!

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பெண்கள் கவனிக்க வேண்டியவை

மார்பக ஆபரேஷனுக்காக கடலூரில் இருந்தும் சிதம்பரத்தில் இருந்தும் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏறும் பெண்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. தையல் பிரித்து வீடு திரும்பியதும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. உள்ளே வைக்கப்பட்ட சிலிகான் பை ஆயுசுக்கும் உழைக்கிற பொருள் அல்ல. அதை மாற்றவோ எடுக்கவோ வேண்டிய நாள் பின்னால் வரக்கூடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

இலவச ஆபரேஷன்

2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்களுக்கு மார்பக சீரமைப்பு ஆபரேஷன் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. அப்போது சுகாதாரத்துறை மந்திரியாக இருந்த விஜயபாஸ்கர் இதைத் தொடங்கி வைத்தார். புற்றுநோயால் மார்பை இழந்தவர்களுக்கு மட்டும் அல்லாமல், மார்பின் அளவை மாற்ற விரும்புகிறவர்களுக்கும் சிகிச்சை உண்டு என்றதும் நாடு முழுவதும் பேச்சாகிப் போனது.

பணக்காரர்களுக்குக் கிடைப்பது ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று ஒரு தரப்பு கேட்டது. கடன் வாங்கியோ, ஆபத்தான வழியிலோ போவதைத் தடுக்கலாம் என்று காரணமும் சொன்னது. அரசாங்கப் பணம் முதலில் உயிர் காக்கும் சிகிச்சைக்குப் போகட்டும் என்று எதிர்த்தரப்பு சொன்னது.

இந்த வாதத்தில் பையைப் பற்றிய பேச்சு அமுங்கிவிட்டது. இலவசமாக வைத்தாலும் சரி, லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வைத்தாலும் சரி, சிலிகான் பையின் குணம் ஒன்றுதான்.

பச்சையை அழிக்க வந்தவர்

சிலிகான் பையை முதன்முதலில் மார்புக்குள் வைத்தது 1962-ம் ஆண்டு, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில். மார்பில் குத்திய பச்சையை அழிக்க வேண்டும் என்று வந்த ஒரு பெண்ணிடம் டாக்டர்கள் பேசி, இதற்குச் சம்மதிக்க வைத்தார்கள்.

முப்பது வருடம் ஓடியது. பாதுகாப்புக்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லி 1992-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சிலிகான் பைக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. வழக்கு மேல் வழக்கு வந்து, 1995-ல் டவ் கார்னிங் கம்பெனி திவால் மனு கொடுத்தது. மறு ஆய்வுக்குப் பிறகு 2006-ல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது.

சத்தம் இல்லாமல் கிழியும்

உப்புநீர்ப் பை கிழிந்தால் மார்பு சட்டென்று வற்றிவிடும். பார்த்தவுடனே தெரியும். சிலிகான் பை அப்படி அல்ல. உள்ளே இருப்பது கெட்டியான கூழ். பை கிழிந்தாலும் கூழ் அங்கேயே நிற்கும். வலி இருக்காது, உருவமும் மாறாது. வருடக்கணக்கில் தெரியாமலே போகும்.

ஆகவே ஆபரேஷன் முடிந்த 5 அல்லது 6 வருடத்தில் ஒரு முறையும், அதன்பிறகு 2, 3 வருடத்துக்கு ஒரு முறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நிர்வாகம் 2020-ல் சொன்னது. வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு 10 வருடத்துக்குள் பையை எடுக்க வேண்டியிருக்கிறது.

கல்லாகும் மார்பு

அடிக்கடி வரும் தொல்லை இன்னொன்று. வெளிப்பொருள் உள்ளே வந்ததும், உடம்பு அதைச் சுற்றி ஒரு தழும்புத் தோலை வளர்க்கிறது. அது சகஜம்தான். சிலருக்கு அந்தத் தோல் இறுகி, பையை நெரிக்கிறது. மார்பு கல்லு மாதிரி ஆகிவிடும். வலி வரும். மறுபடியும் ஆபரேஷன்தான்.

புதுவகைப் புற்று

எல்லாவற்றையும் விடப் பயங்கரம், பையைச் சுற்றியுள்ள தழும்பில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய். இது சாதாரண மார்பகப் புற்றுநோய் அல்ல. சொரசொரப்பான மேல்பரப்பு கொண்ட பைகளில்தான் பெரும்பாலும் வந்திருக்கிறது.

2019-ம் ஆண்டு ஜூலை மாதக் கணக்குப்படி உலகம் முழுவதும் 573 பேருக்கு இந்த நோய். அதில் 33 பேர் இறந்துபோனார்கள். 573-ல் 481 பேருக்கு வைத்திருந்தது அலர்கன் கம்பெனியின் பை. அந்த மாதமே அலர்கன் தனது சொரசொரப்பு ரகப் பைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது.

இந்த நோய் அபூர்வம்தான். சீக்கிரம் கண்டுபிடித்து, பையையும் தழும்பையும் சேர்த்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. பல வருடம் கழித்து திடீர் வீக்கம், கட்டி, வலி இவைதான் அறிகுறி.

தொழிற்சாலைச் சரக்கு!

பிரான்சில் நடந்தது அப்பட்டமான மோசடி. பி.ஐ.பி. என்ற கம்பெனி, மருத்துவத்துக்கு அனுமதி இல்லாத தொழிற்சாலை சிலிகானைப் பைக்குள் அடைத்து விற்றது. விலை மலிவு என்பதே காரணம். 2010-ல் குட்டு உடைந்தது. அதற்குள் பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களின் உடம்புக்குள் பை போய்விட்டது. முதலாளி ழான் குளோத் மாஸ் என்பவருக்கு 2013-ல் 4 வருட ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.

சிப்காட் பக்கத்திலேயே குடியிருக்கும் கடலூர்க்காரர்களுக்குத் தொழிற்சாலைச் சரக்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை!

ஊசி வேண்டவே வேண்டாம்

பை இல்லாமல் சிலிகான் திரவத்தை ஊசியில் ஏற்றுவது உயிரோடு விளையாடுகிற காரியம். திரவம் ரத்தக்குழாயில் புகுந்தால் நுரையீரல், மூளை என்று போய் அடைத்துக்கொள்ளும். மரணம்கூட நேரும்.

திருநங்கைகள் இதில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தேவனாம்பட்டினத்துக்கும் சிதம்பரம் பக்கத்துக் கொத்தட்டைக்கும் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் "குறைந்த செலவில் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் திருநங்கைகளுக்கு இலவச ஆபரேஷன் வசதி 2009-ம் ஆண்டு முதலே உண்டு.

பீதியும் வேண்டாம்

ஏற்கனவே பை வைத்திருப்பவர்கள் அலற வேண்டியது இல்லை. தொல்லை ஏதும் இல்லாதவர்கள் பயந்து எடுக்கத் தேவையில்லை என்றுதான் 2019-ல் அமெரிக்க நிர்வாகமும் சொன்னது. சாதாரண மார்பகப் புற்றுநோயை சிலிகான் பை உண்டாக்குவதாக நிரூபணம் இல்லை. அசதி, மூட்டு வலி, ஞாபகமறதி என்று சில பெண்கள் சொல்கிறார்கள். காரணம் இன்னும் முடிவாகவில்லை. பையை எடுத்த பிறகு குணம் தெரிந்ததாகச் சொல்கிறவர்களும் உண்டு.

புற்றுநோயில் மார்பை இழந்த பெண்ணுக்கு இந்த ஆபரேஷன் அலங்காரம் அல்ல. நாலு பேர் மத்தியில் நிமிர்ந்து நடக்கிற தைரியம். ஆனால் பை ஒன்றுதான் வழி என்று இல்லை. வயிறு, முதுகில் இருந்து சொந்தச் சதையை எடுத்து மார்பை உருவாக்கலாம். ஆபரேஷனே வேண்டாம் என்றால் உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பும் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை:-

* பை எந்தக் கம்பெனி? மேல்பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா?

* இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டால் செலவு யாருடையது?

* பிள்ளைக்குப் பால் கொடுப்பதில் சிரமம் வருமா?

* ஸ்கேன் எப்போது, எங்கே பார்க்க வேண்டும்?

பிற்பாடு மேமோகிராம் படம் எடுக்கப் போனால், உள்ளே பை இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பை மறைத்து, கட்டி தெரியாமல் போகலாம்.

வீக்கம் கண்டால் "சென்னைக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரியிலோ, சிதம்பரம் அண்ணாமலைநகரில் ராஜா முத்தையா ஆஸ்பத்திரியாக இருந்து இப்போது அரசு கடலூர் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியாகிவிட்ட இடத்திலோ உடனே காட்ட வேண்டும். பையால் கோளாறு என்று சந்தேகம் வந்தால் மத்திய அரசின் 1800-180-3024 என்ற இலவச டெலிபோனில் புகார் பதியலாம்.

பத்திரம்!

பையின் கம்பெனிப் பெயரும் நம்பரும் எழுதிய அட்டை ஒன்றை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கு ஒரு கம்பெனி பையைத் திரும்பப் பெற்றால், "நம்முடையது அதுவா?" என்று தெரிந்துகொள்ள அந்த அட்டை ஒன்றுதான் சாட்சி.

மிக்சி வாங்கினால் வாரண்டி கார்டை ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் பூட்டி வைக்கிறோம். உடம்புக்குள் வைத்த பொருளின் அட்டையும் அந்த பீரோவில்தான் இருக்க வேண்டும்.