வழங்கிகளின் நேர ஒத்திசைவு

வழங்கிகளின் நேர ஒத்திசைவு என்பது, ஒரு வலையமைப்பில் இணைந்துள்ள கணினிகளின் கடிகாரங்கள் அனைத்தும் ஒரே நேரத்தைக் காட்டுமாறு செய்யும் முறையாகும்.

தேவை

முன்னர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஊர்கள் இரு கடற்கரைகளில் சிதறியுள்ளன. ஏனாமில் கதிரவன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ 27 நிமிடங்கள் கழித்தே மாகேயில் உச்சிக்கு வருகிறது. ஆயினும் 82.5° கிழக்கு நெடுவரையை அடிப்படையாகக் கொண்ட இந்திய சீர் நேரமே எங்கும் பின்பற்றப்படுகிறது. மக்களுக்கு நிமிடக் கணக்கே போதும். வழங்கிகளுக்கு அது போதாது. புதுச்சேரி நகரில் உள்ள வழங்கியைவிடக் காரைக்காலில் உள்ள வழங்கி 3 நொடி பின்தங்கினால், ஒரு வங்கிக் கணக்கில் பிறகு எடுத்த பணம் முன்பே எடுத்ததாகப் பதிவாகலாம்.

பிழையின் காரணம்

கணினிக் கடிகாரம் குவார்ட்சு படிகத்தின் அதிர்வால் இயங்குகிறது. வெப்பநிலைக்கேற்ப அதிர்வு சற்று மாறும். இலட்சத்தில் ஒரு பங்கு பிழை இருந்தாலும் நாளொன்றுக்கு 0.864 நொடி விலகும்.

செயல்படும் முறை

பிணைய நேர நெறிமுறையை (என்டிபி) அமெரிக்க அறிவியலாளர் டேவிட் மில்சு வடிவமைத்தார். இதன் நான்காம் பதிப்பு 2010இல் வெளியானது. இதில் அணுக் கடிகாரம், செயற்கைக்கோள் கடிகாரம் ஆகியவை படிநிலை 0. அவற்றுடன் நேரடியாக இணைந்த வழங்கி படிநிலை 1. அதனிடம் நேரம் பெறுவது படிநிலை 2.

செய்தி வந்துசேர ஆகும் நேரத்தையும் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, கணினி தன் கடிகாரப்படி 0 மில்லிநொடியில் கேட்கிறது. வழங்கி தன் கடிகாரப்படி 250இல் பெற்று 260இல் விடையனுப்புகிறது. கணினிக்கு அது 110இல் கிடைக்கிறது. வழங்கி எடுத்துக்கொண்ட 10ஐக் கழித்தால் பயண நேரம் 100. ஒரு வழிக்கு 50. எனவே விடை சேரும்போது உண்மை நேரம் 260+50=310. கணினிக் கடிகாரம் 200 மில்லிநொடி பின்தங்கியுள்ளது. போகவும் வரவும் சம நேரம் ஆனால் மட்டுமே இக்கணக்கு துல்லியமாகும்.

சிறு பிழையெனில் முள்ளைத் திடீரென நகர்த்துவதில்லை. கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ சரிசெய்வர். இதனால் நேரம் பின்னோக்கிச் செல்லாது.

இந்தியாவில்

இந்திய சீர் நேரத்தைப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களால் பேணுகிறது. இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு (செர்ட்-இன்) 2022 ஏப்ரல் 28இல் ஓர் ஆணை வெளியிட்டது. அதன்படி நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் இவ்வாய்வகம் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேர வழங்கிகளுடன், அல்லது அவற்றைச் சார்ந்த வழங்கிகளுடன் ஒத்திசைய வேண்டும். இணையக் குற்றம் எந்தக் கணினியில் தொடங்கி எங்கே பரவியது என்பதை அறிய, பதிவேடுகளின் நேரம் ஒத்திருப்பது இன்றியமையாதது.